போதல

பவளா,
நாளைக்கு ஐந்து ரோடு போகிறாய் என்று கேள்விப்பட்டேன்.
ஏலச்சீட்டுக் காசில் ஒரு மணி நேரத் தலைமசாஜ்.
போன மாசம் நான் போய் வந்ததால் எழுதுகிறேன்,
பட்டறையில் உரக்கப் படிக்காதே.

காலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போகாதே.
நான் கல்யாணத்துக்குப் போவதுபோல்
வழித்து வாரிப் பின்னி முல்லையும் வைத்துப் போனேன்.
அதைப் பிரிக்கவே பத்து நிமிஷம்,
அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சேர்த்துத்தான் காசு.
இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்.
தட்டுவடை செட் வேண்டாம்,
நாற்காலி பின்னால் சாயும்போது
காரச் சட்னி நெஞ்சுக்கு ஏறும்.

ஒரு தாள் நீட்டுவார்கள்:
ரத்தக்கொதிப்பு, தையல், அரிப்பு, மாத்திரை.
நான் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன்.
காதுக்கு மேலே ஏழு தையல் இருப்பது
அவள் விரல் அங்கே போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது.
பாலிஷ் மெஷின் பெல்ட் அறுந்து அடித்த நாள்.
நீதானே ஆட்டோவில்
மடியில் வைத்துப் பிடித்திருந்தாய் என் தலையை,
உன் நீலப் புடவை முழுக்க நனைய.
"இங்க தொடலாமா, சுத்திப் போகட்டுமா?" என்றாள்.
சுற்றிப் போனாள்.

ஜெசிந்தா அவள் பெயர், நாகலூர்ப் பக்கம்.
என் கொண்டை ஊசிகளை எடுத்து
கிண்ணத்தில் எண்ணிப் போட்டாள்.
"நாலுதானாக்கா?
நான் தினம் இருபது கொண்டை ஊசி எறங்கி வர்றேன்."
ஏற்காட்டு மலையே என் தலையில் இருப்பதுபோல் சிரித்தோம்.

எண்ணெய்ச் சூடு சரியா என்று பார்க்கச் சொல்வாள்.
விரலை நீட்டாதே.
டார்ச் பிடித்துப் பிடித்துக் காய்ந்த நம் விரலுக்கு
எதுவும் சூடில்லை.
மணிக்கட்டைக் கொடு.

கழுத்தை நெட்டி முறிக்க யாராவது வந்தால்
வேண்டாம் என்று சொல்.
இருசாயி வீட்டுக்காரருக்கு எங்கோ சடக்கென்று முறித்துவிட்டு
மூன்று நாள் இடது கை மரத்துக் கிடந்தது.
கொலுசுக் கொக்கி கோணினால் உருக்கி வார்க்கலாம்.
கழுத்துக்கு அச்சு இல்லை.

நடுவில் ஒரே ஒரு தரம் கேட்பாள்,
"அழுத்தம் போதுமாக்கா?"

போதும் என்றேன்.

போதவில்லை, பவளா.
பதினெட்டு வருஷம் குனிந்து
சலங்கைமணி பற்றவைத்த பாரம்
பிடரியின் விளிம்புவரை வந்து நின்றது.
இன்னும் ஒரு அழுத்து, விழுந்திருக்கும்.
வாய் முந்திக்கொண்டது.
சோறு போடும்போது போதும்,
சனிக்கிழமைக் கூலியை எண்ணாமலே போதும்,
பெரியாஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்றபோது
தரையே போதும் என்ற
அந்த வாய்.

அவள் நம்பிவிட்டாள்.
மீதி நேரம் முழுக்க
பூனைக்குட்டி நடப்பதுபோல் என் தலைமேல் நடந்தாள்.
நானூற்றைம்பது ரூபாய்.

அதனால் இன்று ராத்திரியே
கண்ணாடி பார்த்துச் சொல்லிப் பழகு: போதல.
எனக்கு முதல் நாள் வார்த்தைக்குப் பதில் இருமல்தான் வந்தது.
நாலாம் நாள் மாவுமில் பையனிடம் வந்தது.
அவன் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முறை அரைத்துக் கொடுத்தான்.
அவ்வளவுதான் அது.

முடிந்ததும் சட்டென்று எழாதே, தரை சாயும்.
அவளுக்குக் கொடுப்பதை அவள் கையிலேயே கொடு.
பஸ்ஸில் முக்காடு போட்டுக்கொள்,
வெள்ளைக்கல் லாரி முன்னால் போனால்
தூளெல்லாம் எண்ணெயில் ஒட்டிவிடும்.

அவள் கேட்கும்போது இரண்டு முறை சொல்.
ஒன்று என் கணக்கில்.

நல்ல புடவை வேண்டாம், கறை போகாது.
அந்த நீலத்தையே கட்டிக்கொண்டு போ.
என் தலை ஏற்கெனவே பட்டதுதானே.